வயிற்றுவலிக்காரன் வறுத்த இறால்

ஜாபர் கொஞ்சம் அதிகமாகவே முனகிவிட்டான். வாசலில் ஜட்கா காத்துக்கொண்டிருந்தது. அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் ஏறியாகிவிட்டது. அத்தா வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து குடையைக்கூட விரித்துவிட்டார். வாசற்படி வரைக்கும் போன அம்மா ரஹீமுன்னிசா மட்டும் அந்த முனகலைக் கேட்டுத் திரும்பி வந்து, போர்த்தியிருந்த துப்பட்டியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"நா போவல," என்றாள். "புள்ள இந்தத் துடி துடிச்சுகினு கீறான். எனக்கு இன்னா கல்யாணம் வேண்டிக் கெடக்குது?"

ஜாபர் முனகலைச் சட்டென்று நிறுத்தினான்.

"இல்லம்மா. இப்ப கொஞ்சம் தேவல."

"இப்பதானே ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினே?"

"அது அந்த வலி. இது வேற. இது சின்னது."

அம்மா அவன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். தொப்புளுக்கு மேலே அழுத்தினாள், கீழே அழுத்தினாள். மேலே வலிக்க வேண்டுமா கீழே வலிக்க வேண்டுமா என்று யோசித்து வைக்காததால், ஜாபர் இரண்டுக்கும் நடுவில் ஒரு தடவை பல்லைக் கடித்து வைத்தான்.

"பழவேற்காட்டுல உன் சொந்தம் அத்தினி பேரும் வந்து குந்தியிருப்பாங்க. நீ போவலன்னா காலத்துக்கும் சொல்லிக் காமிப்பாங்கம்மா."

"அப்ப உன்னை யாரு பார்த்துக்கறது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஜாபர் விடிந்ததிலிருந்து முனகிக்கொண்டிருந்தான். ஆனால் பதிலைத் தானே சொல்ல நாக்கு வரவில்லை. கூரை ஓட்டைப் பார்த்தபடி கிடந்தான்.

"ஜெரினா இருக்கட்டும்," என்றாள் அம்மா. கொடியிலிருந்த துப்பட்டியை மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டு, கதவோரம் நின்ற மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏ பொண்ணு, ஓமத் தண்ணி வெச்சுக் குடு. வேற எதுவும் குடுக்காதே. படகு சாயங்காலம் பேசின் பிரிட்ஜுல கெளம்புது. நாங்க நாளன்னைக்குத்தான் திரும்புவோம்."

குதிரையின் லாடச் சத்தம் பனைமரத்தொட்டித் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை ஜாபர் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அதில் பாதியை ரங்கூன் கப்பலின் கொதிகலனுக்குக் கரி தள்ளுவதில் கழித்துவிட்டான். மீதிப் பாதியை வீட்டில் கழித்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் இரண்டே அறை. உள்ளறையில் பெண்களும் பிள்ளைகளும், முன்னறையில் ஆண்கள். மனைவியிடம் அவன் பேசியவை எல்லாம் "தண்ணி", "இந்தா", "அம்மா எங்க" வகையைச் சேர்ந்தவை. ஒரே ஒரு நாள் கிணற்றடியில் அவளைத் தனியாகப் பார்த்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், பினாங்கில் தான் தின்ற இறாலைப் பற்றிச் சொன்னான். வெல்லமும் புளியும் மிளகாயும் போட்டு அங்கே ஒருவன் வறுத்துக் கொடுத்தது.

"இனிப்பும் காரமும் ஒண்ணாவா?" என்று கேட்டாள் ஜெரினா. "அது எப்படி மச்சான் நாக்கு ஒத்துக்கும்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அண்ணி குடத்தோடு வந்துவிட்டாள். அந்தப் பதிலை அவன் ரங்கூனுக்கு எடுத்துக்கொண்டு போய், சொல்லாமலே திரும்பக் கொண்டுவந்திருந்தான். அடுத்த கப்பல் புதன்கிழமை. இந்தத் தடவை போனால் ரம்ஜானுக்குத்தான் திரும்பி வருவான்.

ஜெரினா ஓமத் தண்ணியோடு வந்து பார்த்தபோது பாய் காலியாக இருந்தது. வயிற்றுவலிக்காரன் கொல்லையில் விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பூனை மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"இன்னா மச்சான் இது?"

"எறா. விடியறதுக்கு முந்தியே குப்பத்துக்குப் போயி வாங்கியாந்தேன். பினாங்கு எறா ஆக்கப் போறேன்."

"வயித்து வலி?"

"வயித்து வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஜெரினா ஓமத் தண்ணியைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு அந்த ஓமத் தண்ணியைச் செடிக்கு ஊற்றினாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், விடிந்ததிலிருந்து முனகியது வீண் போகவில்லை என்று ஜாபருக்குத் தோன்றியது.

"நீ மணை போட்டுக் குந்து. ஒண்ணுத்தையும் தொடக் கூடாது. இன்னிக்கு நாந்தான் எல்லாம்."

"உங்களுக்கு ஆக்கத் தெரியுமா?"

"தீப் போடறதுல என்னை மிஞ்ச ஆள் கெடையாது."

அது உண்மைதான். தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது. அவன் அறிந்த அடுப்பெல்லாம் கப்பலைக் கடல் தாண்டவைக்கிற அடுப்பு. அந்தப் பழக்கத்தில், ஒரு வாரத்து விறகை ஒரே அடுப்பில் அடுக்கி ஊதுகுழலை எடுத்தான். தீ அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தது.

"மச்சான், இது சட்டிக்குப் போடற தீயா, ரங்கூனுக்குப் போற தீயா?"

"தீ நல்லா இருந்தாத்தான் வெல்லம் கரையும்."

வெல்லம் கரைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பொங்கியது, கறுத்தது. ஜாபர் அவசரமாக இறாலை அள்ளிப் போட்டு, தீயைக் குறைக்கலாமென்று இரண்டு விறகை வெளியே இழுத்தான். பாகு இறுகத் தொடங்கியது. கரண்டியை விட்டுக் கிளறினான். கரண்டி நகரவில்லை. கையை எடுத்தான், அது சட்டிக்கு நடுவில் கொடிமரம்போல நின்றது. இறால்கள் கல்லில் பதித்தவை மாதிரி அசையாமல் கிடந்தன.

"பினாங்குல இப்படித்தான் இருந்துதா?" என்று ஜெரினா கேட்டாள்.

"இது பாதி. இன்னும் புளி ஊத்தல."

புளிக் கரைசலை மொத்தமாக ஊற்றினான். சட்டி சீறியது. எழுந்த புகையில் ஜெரினா மறைந்துபோனாள். இருமல் சத்தத்தை வைத்துத்தான் அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புகை போகட்டுமென்று ஜாபர் கொல்லைக் கதவை விரியத் திறந்தான். புகை போயிற்று. அதோடு வாசனையும் போயிற்று. கரைந்த வெல்லம், வறுபட்ட மிளகாய், பூண்டு, இறால் எல்லாம் சேர்ந்த வாசனை, மதில் தாண்டி நேராகக் காத்தூன் பீவியின் கொல்லைக்குள் இறங்கியது.

"வயித்து நோவுன்னு படுத்துகினு கீற வூட்ல எவ எறா வறுக்கறது?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

காத்தூன் பீவிக்கு அந்தத் தெருவில் தெரியாத சேதி கிடையாது. தெரிந்த சேதியைச் சொல்லாமல் விட்டதும் கிடையாது. அவள் மதிலைச் சுற்றி வருவதற்குள் ஜாபர் முன்னறைக்கு ஓடிப் பாயில் விழுந்து போர்வையை இழுத்து மூடினான். பதற்றத்தில், சட்டியிலிருந்து பிடுங்கிய கரண்டியையும் உள்ளே கொண்டுபோய்விட்டான். அது தொடையில் பட்டது. அப்போது அவன் முனகியதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

காத்தூன் பீவி அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். அடுப்பைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்.

"புருசன் அங்க உசுருக்குப் போராடிகினு கீறான். உனக்கு எறா கேக்குதா? உங்க வண்ணாரப்பேட்டையில இப்படித்தான் வளத்தாங்களா?"

ஜெரினா முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. திட்டுகளையெல்லாம் அவள் தலையில் வாங்கிக்கொண்டிருப்பதை ஜாபரால் போர்வைக்குள் கேட்டுக்கொண்டு கிடக்க முடியவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"காத்தூன்மா, அவளத் திட்டாதீங்க. அவளுக்கு ரொம்ப ஆசையா கீதாம். இனிப்பா, புளிப்பா, காரமா ஏதாச்சும் துன்னணும்னு. நாந்தான் ஆக்கிக்கச் சொன்னேன்."

சமையற்கட்டில் சத்தம் நின்றது. காத்தூன் பீவி மெல்ல முன்னறைக்கு வந்தாள். அவள் முகத்திலிருந்த கோபம் வெல்லம்போலக் கரைந்துகொண்டிருந்தது.

"இனிப்பா, புளிப்பாவா கேட்டா?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

ஜாபர் நியாயமாக யோசித்துப் பார்த்தான். "நா போன தபா கப்பலுக்குப் போறதுக்கு முந்தியே கேட்டா."

காத்தூன் பீவி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "மாஷா அல்லா," என்றாள். உள்ளே போய் ஜெரினாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினாள். பிறகு வந்ததைவிட வேகமாக வெளியே போனாள்.

"பாத்தியா," என்றான் ஜாபர், தொடையைத் தேய்த்துக்கொண்டே. "தன்மையா சொன்னா எந்தக் கோவமும் அடங்கிப் போயிடும்."

ஜெரினா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "மச்சான், நீங்க இன்னா சொன்னீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

"இன்னா சொன்னேன்? உனக்கு ஆசையா கீதுன்னு சொன்னேன்."

"கல்யாணமாகி மூணு மாசமான பொண்ணு இனிப்பும் புளிப்பும் கேட்டா, அதுக்குத் தெருவுல இன்னா அர்த்தம்?"

ஜாபருக்கு அர்த்தம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. வயிற்றை எட்டியதும் துள்ளி எழுந்து, காத்தூன் பீவியைத் தடுத்து நிறுத்த வாசலுக்கு ஓடினான். கதவைத் திறந்தான். எதிரே ஐந்தாறு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் மாங்காய், ஒருத்தி கையில் வளையல், ஒருத்தி கையில் சர்க்கரைக் கிண்ணம். நடுவில் காத்தூன் பீவி. ஜாபர் திறந்த கதவை மூடக்கூட நேரமில்லாமல் பாய்க்குத் திரும்பினான்.

அதற்குப் பிறகு அந்த வீடு அவன் வீடாக இல்லை. பெண்கள் ஜெரினாவைப் பாயில் உட்கார்த்தினார்கள், வளையல் போட்டார்கள், வாயில் சர்க்கரை போட்டார்கள். காத்தூன் பீவி அடுப்படியைத் தன் வசம் எடுத்துக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சி அனல்ல நிக்கக் கூடாது. நா பாத்துக்கறேன். இந்தத் தீயை எவன் போட்டான்?"

அவள் விறகை வெளியே தள்ளி, சட்டியை இறக்கி ஏற்றி, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டாள். இறுகிக் கிடந்தது இளகியது. பாகு ஒவ்வொரு இறால் மேலும் சிவப்பாக மினுங்கிப் படிந்தது. அந்த வாசனை முன்னறைக்கு வந்தபோது ஜாபருக்குக் கண்ணே கலங்கியது. அப்படியே பினாங்கு வாசனை.

"ஆயிடுச்சா காத்தூன்மா? ஜெரினாவுக்குக் குடுங்க," என்றான் போர்வைக்குள்ளிருந்து.

"அவளுக்கா? எறா சூடு. புள்ளத்தாச்சி வாயிலயே வெக்கக் கூடாது."

"அப்ப எனக்கு?"

"வயித்து நோவுக்காரனுக்கு எறாவா? உனக்குக் கஞ்சி வெச்சுக் கீறேன். உப்பு போடல."

ஆக அந்த வீட்டில் இறால் தின்னத் தகுதியுள்ளவர்கள் வந்திருந்தவர்கள் மட்டும்தான். வீணாகக் கூடாது என்று ஆளுக்கொரு இலைத் துண்டில் வாங்கிக்கொண்டார்கள். ஜாபரின் பாய்க்குக் கஞ்சிக் கிண்ணம் வந்து சேர்ந்தது.

"இன்னா ருசி," என்றாள் ஒருத்தி. "இனிக்குது, அப்பால எரியுது, அப்பால மறுபடி இனிக்குது."

ஜாபரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தான். "எனக்கு வலி போயிடுச்சு. மெய்யாலுமே போயிடுச்சு. பாருங்க." எழுந்து நின்று இரண்டு தடவை குதித்தும் காட்டினான்.

"சந்தோசத்துல நோவு தெரியல," என்று காத்தூன் பீவி கூட்டத்துக்கு விளக்கினாள். "தகப்பனாவப் போறான் இல்ல."

"காத்தூன்மா, நீங்க நெனைக்கிறது இல்ல. அது எப்படி... இந்த வூட்ல ஒன்பது பேரு. இன்னும் நாங்க ஒரு வார்த்தை பேசறதுக்கே சமயம் வாய்க்கல."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். "வெக்கத்தைப் பாரேன்," என்றாள் வளையல் கொண்டுவந்தவள். ஒருத்தி எழுந்து அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் ஜாபர் ஜெரினாவைப் பார்த்தான். அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக் குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. புது வளையல்கள் கலகலத்தன.

"மொத தபா இல்ல, பயப்படுது," என்று யாரோ அவள் முதுகைத் தடவினார்கள்.

இவளோடு ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஜாபர் ஆசைப்பட்டதற்கு, தெரு முழுக்க அவளைப் பேசவைத்தாயிற்று. புதன்கிழமை அவன் கப்பலேறிவிடுவான். இல்லாத குழந்தைக்கு அவள்தான் ஒவ்வொரு வாசலிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"ஜெரினா. அழுவாதே. எல்லாம் என் தப்பு."

அவள் முந்தானையை ஒரு விரல் அளவு விலக்கினாள். உள்ளே கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்துபோயிருந்தது.

"மச்சான்," என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "உப்பில்லாக் கஞ்சி எப்படி கீது?"

இத்தனை பேருக்கு நடுவிலும் அது அவர்கள் இருவருக்கும் மட்டுமான பேச்சாக இருந்தது.

அந்த நேரத்தில் வாசலில் குதிரை கனைத்தது.

ஜட்காவிலிருந்து முதலில் அத்தா இறங்கினார். கூட்டத்தைப் பார்த்த அம்மா பதறிக்கொண்டு உள்ளே வந்தாள். "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"நீ பாட்டியாவப் போறே ரஹீமுன்னிசா," என்று காத்தூன் பீவி அவளைக் கட்டிக்கொண்டாள். "பழவேற்காட்டுக்குப் போன காலோட இந்தச் சேதிக்குத் திரும்பி வந்துட்டே பாரு."

அம்மா, காத்தூன் பீவியின் தோளுக்கு மேலாக மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள், பெண்களின் கையிலிருந்த இலைகளைப் பார்த்தாள்.

"ஜெரினா," என்றாள். "இன்னா நெசம்?"

ஜாபர் வாயைத் திறந்தான். ஜெரினா அவன் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"அப்படி ஒண்ணும் இல்ல மாமி. இவருக்கு வயித்து வலியும் இல்ல. கப்பலுக்குப் போறதுக்குள்ள எனக்கு ஒரு நாள் எறா ஆக்கிப் போடணும்னு நெனைச்சாரு. அவ்ளோதான். நாங்க ரெண்டு பேரும் இன்னும் வாயிலயே வெக்கல."

ஒருத்தி தன் இலையைச் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ ஒரு வேலை ஞாபகம் வந்தது. வளையல் கொண்டுவந்தவள் ஜெரினாவின் கையைப் பார்த்துத் தயங்கினாள். "இருக்கட்டும், இன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாளைக்கு ஆச்சு," என்று போய்விட்டாள். கடைசியாகக் காத்தூன் பீவி.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜாபர் தலையைக் குனிந்து நின்றான். அம்மா சமையற்கட்டில் போய்ச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டு மிச்சம் கீது," என்றாள். "ஆறிப் போறதுக்கு முந்தி ஆளுக்கு ஒண்ணு துன்னுட்டுச் சட்டியைக் கழுவி வைங்க." பிறகு அண்ணியையும் பிள்ளைகளையும் முன்னறையிலேயே நிறுத்தி, சமையற்கட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

அடுப்பின் கடைசிக் கங்கு வெளிச்சத்தில் இருவரும் நின்றுகொண்டே தின்றார்கள். ஜெரினா மெதுவாக மென்றாள்.

"ஒத்துக்குதா நாக்கு?" என்று ஜாபர் கேட்டான்.

"ஒண்ணு போதாது மச்சான். சொல்லத் தெரியல."

கதவு திறந்தபோது அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசின் பிரிட்ஜுக்குப் போவதற்குள் படகு புறப்பட்டுவிட்டதென்றும், அதனால் நாளைக்குக் கிளம்புவதாகவும் சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் துப்பட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நாளைக்கும் வயிறு சரியிருக்காதுன்னு நெனைக்கிறேன்," என்றாள் ஜாபரிடம். "நீயும் அவளும் வூட்லயே இருங்க."

தலையை ஆட்டிவிட்டு, கட்டுச்சோற்றுக் கூடையை இறக்க ஜாபர் வாசலுக்குப் போனான். கூடை காலியாக இருந்தது. ஜட்காக்காரன் மண்ணாங்கட்டி குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டிருந்தான்.

"படகு போயிடுச்சாமே அண்ணே," என்றான் ஜாபர். "பாவம், வீணா அலைஞ்சுட்டீங்க."

மண்ணாங்கட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா படகு, இன்னா கல்யாணம் தம்பி? 'சின்னஞ்சிறுசுங்க ஒரு வேளையாச்சும் தனியா குந்தித் துன்னட்டும்'னு உங்கம்மா மத்தியானத்துலருந்து அத்தினி பேரையும் கல்மண்டபத்துப் புளியமரத்தடியிலதான் குந்த வெச்சுகினு இருந்துச்சு. நாளைக்காச்சும் சுருக்கா ஆக்கித் துன்னு முடிங்க, என் குதுர பாவம்."